லாகோஸில் ஒன்பது நாட்கள்

லாகோஸ் என்ற பெயரை நான் முதலில் படித்தது புவியியல் புத்தகத்தில் அல்ல. ஓர் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில். நல்லூரில் காங்கேயம் சாலையை ஒட்டிய எங்கள் வீதியில் கிடங்குகளின் வாசலில் ஏதேனும் ஓர் ஊரின் பெயர் எழுதிய பெட்டிகள் லாரிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஹாம்பர்க், ராட்டர்டாம், பெலிக்ஸ்டோ. அவையெல்லாம் எங்களுக்கு வெறும் துறைமுகங்கள். லாகோஸ் மட்டும் சற்று வேறு. அந்தப் பெயர் தாங்கிய சரக்கை வாங்கிப்போக அந்த ஊர்க்காரர்களே நேரில் வந்தார்கள்.

திருப்பூரை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பத்தாயிரம் உருப்படிகளுக்கு ஆர்டர் வந்தால் சேதாரத்துக்கென்று முன்னூறு நானூறு அதிகமாகவே வெட்டித் தைப்பார்கள். அதில் மிஞ்சுவது சர்ப்ளஸ். செக்கிங்கில் கழிக்கப்படுவது செகண்ட்ஸ். ஆர்டரே ரத்தானால் மொத்தமும் சர்ப்ளஸ்தான். இவற்றை எடைக்கோ எண்ணிக்கைக்கோ வாங்கி, பிரித்து, அடுக்கி, காதர்பேட்டை வழியாக விற்பது என் தொழில். பெரிய தொழில் என்று சொல்ல முடியாது. மற்றவர்களின் பிழைகளை வைத்துப் பிழைப்பது என்று என் மனைவி சொல்வாள்.

இந்தச் சரக்கைத் தேடித்தான் நைஜீரியர்கள் திருப்பூருக்கு வந்தார்கள். ராயபுரம் பக்கம் வீடெடுத்துத் தங்கினார்கள். சிலருக்கு வீடு கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. வாடகையை இரண்டு மடங்காகச் சொன்னவர்களும் உண்டு. தேநீர்க்கடையில் அவர்கள் நுழைந்தால் பேச்சு ஒரு கணம் நிற்கும். வியாபாரப் போட்டி என்று உள்ளூர்க்காரர்கள் முறையிட்டதும், விசா முடிந்தவர்களைக் காவல்துறை பிடித்ததும் அவ்வப்போது செய்தித்தாளில் வரும். அவர்களுடைய ஊர் எப்படிப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர்களில் ஒருவர் எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பழக்கம். இக்போ இனத்தவர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, நண்பர் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் கொங்குத் தமிழை, அதன் இழுவையோடு, வெற்றிலைக் கடைக்காரரிடமிருந்து கற்றுக்கொண்டவர். "சேரிங்ணா, நாளைக்கு வந்து பாத்துக்கலாங்" என்று அவர் சொல்லும்போது, முதல்முறை கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. சரக்கு பார்க்க வரும்போதெல்லாம் என் கிடங்குக்குப் பக்கத்திலிருந்த நிட்டிங் ஷெட்டின் வாசலில் போய்ச் சிறிது நேரம் நிற்பார். உள்ளே ஆறேழு வட்ட எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவர் எதையும் பார்க்கமாட்டார். சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்து நிற்பார், அவ்வளவுதான். பிரார்த்தனை செய்கிறார் என்று ஷெட்டில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்ணா" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். 2019 ஜனவரியில் புறப்பட்டேன். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அந்த மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டுக்குள் செருகி, மும்பை, அடிஸ் அபாபா வழியாகப் போய் இறங்கினேன். பையில் என். கே. மகாலிங்கம் மொழிபெயர்த்த சினுவா ஆச்சிபியின் 'சிதைவுகள்' இருந்தது. அது இக்போ கிராமத்தின் கதை, லாகோஸைப் பற்றியது அல்ல. லாகோஸுக்குப் பொருத்தமானது கதாநாயகனின் பேரன் அந்த நகரத்துக்கு வந்து லஞ்சத்தில் சிக்கும் அவருடைய அடுத்த நாவல். மேற்கு ஆப்பிரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் சியரா லியோனில் பணிபுரிந்த அ. முத்துலிங்கம். அவருடைய மெல்லிய நகைச்சுவையை மனதில் வைத்துக்கொண்டு லாகோஸில் இறங்கியவனுக்கு அந்த நகரத்தின் சத்தம் ஓர் அறை மாதிரி.

போர்ச்சுகீசியர் வைத்த பெயர் லாகோஸ். காயல்கள் என்று பொருள். ஊர்க்காரர்களுக்கு அது எக்கோ. 1861இல் பிரிட்டன் எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1991 வரை நாட்டின் தலைநகரம். தலைநகரம் அபுஜாவுக்குப் போன பிறகும் ஜனங்கள் போகவில்லை, மேலும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒன்றரைக் கோடி என்கிறார்கள், இரண்டு கோடி என்கிறார்கள். எண்ணியவர்கள் எண்ணி முடிப்பதற்குள் இன்னும் பத்து பேருந்துகள் வந்து நின்றிருக்கும்.

அந்தப் பேருந்துகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மஞ்சள் நிறத்தில் கறுப்புப் பட்டை போட்ட, அடித்து நெளிந்து மீண்டும் அடித்து நிமிர்த்திய வேன்கள். டான்ஃபோ என்று பெயர். கதவில்லாத வாசலில் ஒற்றைக் காலில் தொங்கியபடி நடத்துநர் "ஓஷோடி, ஓஷோடி, ஓஷோடி" என்று நிறுத்தத்தின் பெயரை மந்திரம்போல் ஓதுகிறார். இறங்க வேண்டியவர் "ஓவா" என்று குரல் கொடுத்தால் வண்டி முழுவதுமாக நிற்பதில்லை, வேகம் குறைகிறது. நம் ஊர் மினிபஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகியவனுக்கு இதில் ஒன்றும் புதுமை இல்லை என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் ஆட்டோ ஒன்றில் ஏறினேன். கேக்கே என்கிறார்கள். முகப்பில் டிவிஎஸ் என்று எழுதியிருந்தது. ஓசூர்க்காரன் எனக்கு முன்னால் வந்துவிட்டான். பைக் டாக்சிக்கு ஒக்காடா என்று பெயர். ஒக்காடா ஏர் என்று ஒரு விமான நிறுவனம் இருந்ததாம், நெரிசலுக்கு மேலே பறந்துபோகிற வண்டி என்று அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். (2020 பிப்ரவரியில் நகரின் பல பகுதிகளில் இவ்விரு வண்டிகளுக்கும் தடை வந்தது. 2023இல் நகரத்துக்கு ரயிலும் வந்தது. நான் பார்த்த லாகோஸ் இவற்றுக்கு முந்தியது.)

போக்குவரத்து நெரிசலை அங்கே 'கோ-ஸ்லோ' என்கிறார்கள். ஆனால் அது நெரிசல் அல்ல, சந்தை. வண்டிகள் நின்றதும் இரண்டு வரிசைகளுக்கு நடுவே கடைகள் முளைக்கின்றன. பாக்கெட் தண்ணீர், வறுத்த வேர்க்கடலை, வாழைக்காய் வறுவல், கைபேசி மின்னேற்றி, பெல்ட், அகராதி, உயிருள்ள நாய்க்குட்டி. ஒரு பையன் கையில் பத்துப் பன்னிரண்டு டீ-சர்ட்டுகளோடு எங்கள் காருடன் ஓடி வந்தான். நகர்ந்துகொண்டிருந்த காருக்கும் அவனுக்கும் இடையே பேரம் நடந்தது. நண்பர் கண்ணாடியை இறக்கி ஒன்றை வாங்கி, கழுத்துப் பட்டியைத் திருப்பி என்னிடம் காட்டினார். லேபிள் கத்தரிக்கப்பட்டிருந்தது. கத்தரித்த இடத்தில் மிஞ்சியிருந்த நூலும் அந்தக் கத்தரிப்பின் சாய்வும் எங்கள் ஊர்ப் பெண்களின் கைவேலை. காதர்பேட்டைக்கு வரும் சரக்கில் இப்படித்தான் லேபிளை வெட்டுவார்கள்.

ஜனவரி ஹர்மட்டான் காலம். சஹாராவிலிருந்து வரும் தூசிக்காற்று நகரத்தின் மேல் மெல்லிய திரையாகத் தொங்குகிறது. உதடு வெடிக்கிறது. அடுத்த மாதம் அதிபர் தேர்தல் என்பதால் எல்லாச் சுவரிலும் சிரித்த முகங்கள். எங்களுக்கும் ஏப்ரலில் தேர்தல் என்றேன். "அப்ப உங்களுக்கும் இப்பத் தார் ரோடு போடுவாங்களே" என்றார் நண்பர்.

குழந்தைகள் என்னைப் பார்த்து "ஓயிபோ" என்று கத்தினார்கள். வெள்ளைக்காரன் என்று அர்த்தம். நல்லூரில் கறுப்பன் என்று பெயரெடுத்த எனக்கு இது ஒரு பதவி உயர்வு. ஆனால் சிரித்து முடித்த பின் ஒன்று உறைத்தது. ஒன்பது நாளும் நான் போன இடமெல்லாம் பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு உடனே நாற்காலி வந்தது. அதற்குப் பிறகு விலை இரண்டு மடங்காக வந்தது.

இரவில் நகரம் ஜெனரேட்டர்களின் மேல் ஓடுகிறது. வீட்டு வாசல்களில் இருக்கும் கையகல எந்திரத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்'. மின்சாரம் வந்தால் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் ஆரவாரம் எழும். 2012இல் திருப்பூரில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் டீசலுக்கு அழுதுகொண்டிருந்தவர்களுக்கு இந்த ஆரவாரத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பலோகன் சந்தைக்கு மூன்றாவது நாள் போனோம். பெருநிலத்திலிருந்து லாகோஸ் தீவுக்குப் போக ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்றைக் கடக்க வேண்டும். 1990இல் கட்டி முடித்தது. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கீழே காயலுக்குள் கம்பங்களின் மேல் நிற்கும் மகோகோ குடியிருப்பு, அதற்கு நடுவே தோணிகள். பாலத்தின் மறுமுனையில் வங்கிக் கட்டடங்கள். அவற்றின் காலடியில் பலோகன்.

அதைச் சந்தை என்று சொல்வது சம்பிரதாயம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத பல தெருக்கள். தலையில் பேல் சுமந்து வருபவர்களுக்கு வழிவிட உடம்பைப் பக்கவாட்டில் திருப்பியே நடக்க வேண்டும். மெழுகுச் சாய அச்சுத் துணிகள், லேஸ், அவுரி தோய்த்த அடிரே. ஒரு கடையில் அந்தக் கடைக்காரப் பெண் என் கையில் ஒரு துணியைத் திணித்து, "ஜார்ஜ், ஜார்ஜ்" என்றாள். கட்டம் போட்ட துணி. நண்பர் சிரித்துக்கொண்டே, "உங்களுதுதாங்ணா" என்றார்.

அந்தக் கதை எனக்குப் புதியது. பனியன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, சென்னைப் பட்டினத்துச் சுற்றுவட்டாரத்திலும் ஆந்திரக் கரையிலும் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 'ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீஃப்' என்று வியாபாரப் பெயர். அடிமை வணிகக் காலத்திலேயே அதற்கு அங்கே மதிப்பிருந்தது. நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்பார்கள். அதிலிருந்து நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து உருவி, கட்டத்துக்குள் வேறொரு கட்டத்தைக் கொண்டுவருவார்கள். நாம் நெய்வதில் காட்டும் பொறுமையை அவர்கள் பிரிப்பதில் காட்டினார்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதிலிருந்து பிணத்தைக் கிடத்தும் அறையை அலங்கரிப்பது வரை அந்தத் துணி வேண்டும். இக்போப் பெண்கள் கட்டும் ஜார்ஜுக்கு அந்தப் பெயர் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஆக, அந்த ஊர் நம்மை முன்னூறு ஆண்டுகளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் அதை அட்டைப்பெட்டியில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நண்பர் பலோகனில்தான் தொழில் கற்றார். இக்போக்களிடம் ஒரு முறை உண்டு. பையனை ஒரு வியாபாரியிடம் விடுவார்கள். அவன் ஐந்தாறு ஆண்டுகள் சம்பளமில்லாமல், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் உழைப்பான். காலம் முடிந்ததும் முதலாளி முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துக்கொடுக்க வேண்டும். 1970இல் பியாஃப்ராப் போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு வைத்திருந்தாலும் இக்போக்களுக்கு 20 பவுண்டுதான் திருப்பித் தரப்பட்டது. வெறுங்கையோடு நின்ற அந்தச் சமூகம் மீண்டும் கடை வைத்ததற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். நம் ஊரில் கைமடியாகச் சேர்ந்தவன் டெய்லராகி, நான்கு எந்திரம் வாங்கிப் பவர்டேபிள் போடுவதை நினைத்துக்கொண்டேன். ஆனால் நம் முதலாளிகள் யாரும் முதல் கொடுத்து அனுப்பி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நண்பரின் வீடு ஃபெஸ்டாக் டவுனில் இருந்தது. 1977இல் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கு வந்த விருந்தினர்கள் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்பு. அவருடைய பெரியப்பா கோலாக் கொட்டையை உடைத்து இக்போ மொழியில் வாழ்த்துச் சொன்னார். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது, அதனால் எந்த விருந்தாளி வந்தாலும் இக்போவில்தான் சொல்ல வேண்டுமாம். துவர்ப்பு நாக்கைப் பிடித்தது, நம் கொட்டைப்பாக்கு தோற்றது. பிறகு ஆக்கரா வந்தது. தட்டைப்பயறை ஊற வைத்து, தோல் நீக்கி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்து எண்ணெயில் பொரித்தது. என் பாட்டி சுடும் தட்டைப்பயறு வடைக்கும் அதற்கும் கறிவேப்பிலைதான் வித்தியாசம்.

நண்பரின் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். எனக்காக ஜார்ஜ் உடுத்தியிருந்தார். நான் கொண்டுபோயிருந்த டீ-சர்ட்டுகளில் ஒன்றை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தார். விரல் நுனியை மேலிருந்து கீழாக ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். ஊசிக்கோடு. நிட்டிங்கில் ஊசி தேய்ந்தால் துணியில் நெடுக விழும் மெல்லிய கோடு. பழகிய கண்ணுக்கும் சட்டென்று தெரியாதது.

"அம்மா இருபத்தி ரெண்டு வருசம் மில்லுல செக்கிங்ணா" என்றார் நண்பர்.

அம்மா பேசப் பேச அவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இகேஜாப் பக்கம் நூற்பு, நெசவு, அச்சு என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்த ஆலை. மூன்று ஷிப்ட். பள்ளி முடிந்ததும் சிறுவனாக இருந்த நண்பர் ஆலைச் சுவரில் சாய்ந்து அம்மாவுக்காகக் காத்திருப்பார். தறிக்கூடத்தின் சத்தம் சுவர் வழியாக முதுகில் ஏறும். சத்தம் மாறினால் ஷிப்ட் மாறுகிறது, அம்மா வந்துவிடுவார் என்று தெரியும். எண்பதுகளில் அந்த நாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஜவுளி ஆலைகள் இருந்தன. 1986க்குப் பிறகு நைராவின் மதிப்பு சரிந்தது. மின்சாரம் நிலையாக இல்லை, கொதிகலனுக்கு எண்ணெய் விலை கட்டவில்லை. பக்கத்து பெனின் நாட்டின் கொட்டனூ துறைமுகம் வழியாக மலிவுத் துணி கள்ளத்தனமாக வந்தது. தடை செய்யப்பட்ட பழைய துணிகளும், ஒக்ரிகா என்ற பெயரில், மூட்டை மூட்டையாக வந்தன. வடக்கே கடுனாவின் பேராலையே 2007இல் கதவடைத்தது. அம்மாவின் ஆலை அதற்கும் முன்பே மூடிவிட்டது.

மறுநாள் அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். அம்மாவும் வந்தார். இப்போது அது ஒரு ஜெபக்கூடம். பல்வரிசைபோல் ஏறி இறங்கும் பழைய ஆலைக் கூரை அப்படியே இருந்தது. உள்ளே ஆயிரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் டிரம்ஸ், துணி போட்டு மூடிய ஒலிபெருக்கிகள். காவலாளி எங்களை அனுமதித்தார். அம்மா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், ஒரு நாற்காலியை நகர்த்திவிட்டு, தரையைச் செருப்பு நுனியால் தேய்த்துக் காட்டினார். சிமெண்டில் எந்திரம் பொருத்திய போல்ட்டுகளின் துளைகள், வரிசையாக. தறி எண்ணைக்கூடச் சொன்னார். பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். நண்பர் சற்றுத் தயங்கினார்.

"உங்க ஊர்ல எத்தனை மெஷின் ஓடுதுன்னு கேக்கறாங்ணா."

நான் எண்ணிப் பார்த்ததில்லை, ஆயிரக்கணக்கில் என்றேன். அம்மா தலையசைத்தார். அவர் மகன் விற்பது என் சரக்கு. என்னைப் போன்றவர்கள் அனுப்பும் சரக்கு வராமலிருந்தால் அந்தக் கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருக்குமா என்றால், இருக்காது என்றே நினைக்கிறேன். மின்சாரமும் நாணயமும் அதற்கு முன்பே அதை முடித்துவிட்டன. ஆனால் மூடிய ஆலையின் முன்னாள் தொழிலாளி தன் மகன் இறக்குமதி செய்யும் துணியில் பிழை கண்டுபிடித்துத் தரும்போது அந்தக் கணக்கு முழுமையானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அம்மாவிடம் கோபம் எதுவும் தெரியவில்லை. திரும்பும் வழியில் எனக்கு ஒரு வாழைக்காய் வறுவல் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பலோகனில் வாங்கிய கட்டத்துணியைக் கொண்டுவந்து என் தாயாரிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, "குறிஞ்சிப்பாடிக் கைலியாட்டம் இருக்குது, இதுக்கா அத்தனை தூரம் போன" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2019 நவம்பரில் பலோகன் சந்தையில் பெருந்தீ. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் சந்தையில் தீ, ஐம்பது கடைகள் போல எரிந்து போயின. ஜவுளி உள்ளிட்ட 41 பொருட்களை இறக்குமதி செய்ய வங்கிகள் வழியாக டாலர் கிடையாது என்று நைஜீரிய மத்திய வங்கி 2015லேயே சொல்லியிருந்தது. நான் போனபோது ஒரு டாலருக்கு வெளிச்சந்தையில் 360 நைரா. 2023இல் நைராவை மிதக்க விட்டார்கள், 2024 பிப்ரவரியில் அது 1,500ஐத் தாண்டியது. அந்தக் கணக்கில் திருப்பூர் சரக்கு யாருக்கும் கட்டாது. நண்பர் வருவதை நிறுத்திக்கொண்டார். கடைசியாகப் பேசியபோது பலோகனிலேயே கடையைச் சிறிதாக்கி, உள்ளூர்த் தையல்காரர்களை வைத்துப் பள்ளிச் சீருடை தைத்து விற்பதாகச் சொன்னார். அம்மாதான் செக்கிங் என்றார். தமிழ் கொஞ்சம் மறந்துவிட்டது.

எங்கள் பக்கத்து நிட்டிங் ஷெட், நூல் விலை ஏறிய 2022இலேயே தள்ளாடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதற்கு ஆர்டர் கொடுத்துவந்த கம்பெனிகள் நிறுத்திக்கொண்டன. தீபாவளி போனஸ் கொடுத்துவிட்டு உரிமையாளர் எந்திரங்களை விற்றார். இடத்தை இறகுப்பந்து ஆடுகளத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். எந்திரங்களைக் கழற்றிய பின் ஒருநாள் உள்ளே போனேன். தரையில் ஏழு எண்ணெய் வட்டங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் போல்ட் துளைகள். ஒரு கொத்தனார் குந்தி உட்கார்ந்து துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். வட்டங்கள் போகுமா என்று கேட்டேன். எண்ணெய் ஊறிவிட்டது, போகாது என்றார். அடுத்த வாரம் அதன் மேல் பச்சை விரிப்பு போட்டுவிட்டார்கள்.